கடிதம் கொண்டுபோனவள்

தென்காசி,
புதன்கிழமை மத்தியானம்.

என் அன்பு மகனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. இத்தனை நாள் பதில் போடாமல் நான் இருந்ததில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, அம்மாவும் சுகம்தான். ஆதித் திருச்சபையின் வரலாற்றைப் படிக்க உனக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்துவிட்டது, கொச்சியில் கப்பல் ஏறவேண்டும், அதற்கு முன்னால் பத்து நாள் ஊருக்கு வருகிறேன் என்று நீ எழுதியிருந்ததை, அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடப் பொறுமையில்லாமல் என்னை வாசிக்கச் சொன்னாள். கடைசிப் பத்தியை மட்டும் நான் வாசிக்கவில்லை. உன் ஆராய்ச்சியின் முதல் அத்தியாயம் என்னுடைய பழைய கட்டுரையிலிருந்து தொடங்கும் என்றும், உன்னைச் சேர்த்துக்கொண்ட பேராசிரியர் 'அதை எழுதியவரின் மகனா நீ' என்று கேட்டார் என்றும், நூலை எனக்கே சமர்ப்பணம் செய்யப்போவதாகவும் அதில்தான் எழுதியிருந்தாய். எந்தத் தகப்பனும் அதை ஊரெல்லாம் காட்டியிருப்பான். நான் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். ஏனென்றால் அந்தக் கட்டுரை என்னுடையது இல்லை, ஐயா. அதிலிருந்த கையெழுத்து என்னுடையது, ஆங்கிலம் என்னுடையது, ஒரு பிழையும் என்னுடையது. மற்றதெல்லாம் ஞானப்பூ அக்காவுடையது.

நீ வரும்போது நேரில் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் என்னை எனக்குத் தெரியும். உன் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டு, இந்த வருஷம் அருவியில் தண்ணீர் எப்படி விழுகிறது என்று பேச ஆரம்பித்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். நீ இங்கே வந்து இறங்கும்போது எல்லாம் தெரிந்தவனாக வா.

ஞானப்பூ அக்காவை உனக்கு நினைவிருக்கும். நம் சபையில் பைபிள் உமனாக இருந்தார்கள். நீ அத்தை என்று கூப்பிடுவாய். வெள்ளைச் சேலை, கையில் துணிப்பை, வெயிலுக்கு ஒரு கறுப்புக் குடை. சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் நடந்துபோய், வீடு வீடாகப் பெண்களுக்கு வேதம் வாசித்துச் சொல்வதும் நோயாளிகளைப் பார்ப்பதும் அவர்கள் உத்தியோகம். வீரகேரளம்புதூர்ப் பக்கம் ஒருநாள், வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒருநாள் என்று வாரம் முழுக்க நடை. இளம் வயதிலேயே விதவையானவர்கள். படிப்பு எட்டாம் வகுப்பு. உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. இந்தத் தாலுகாவில் அந்தக் காலத்தில் கிரேக்கம் தெரிந்த ஒரே இந்திய ஆள் அவர்கள்தான் என்று நினைக்கிறேன்.

அது நடந்த விதம் இது. குற்றாலத்து பங்களாவில் ஒரு வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா இருந்தார்கள். ஐம்பதுகளின் தொடக்கத்தில் அவர்களுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. வாழ்நாள் முழுக்கக் காலையில் வேதத்தை மூலமொழியான கிரேக்கத்தில் ஓர் அதிகாரம் வாசித்தே பழகியவர்கள், இனி வாசிக்க முடியாது என்றபோது சாப்பாட்டைக்கூட ஒதுக்கினார்களாம். அக்காதான் சொன்னார்களாம், 'எழுத்த மட்டும் காட்டிக் குடுங்கம்மா, நான் வாசிக்கேன், அர்த்தம் நீங்க பாத்துக்கிடுங்க' என்று. அப்படி அர்த்தம் தெரியாமல் கிரேக்கத்தைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார்கள். இரண்டு வருஷத்தில் அர்த்தமும் தெரிந்துவிட்டது. மூன்றாம் வருஷத்தில் மிஸ்ஸியம்மா தூங்கிவிட்டாலும் அக்கா தானே வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

நான் அப்போது பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். கரும்பலகையில் ரோம சாம்ராஜ்யத்தை ஒரே இழுப்பில் வரைவேன், பையன்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அந்தப் பெருமை எனக்கு நிறைய உண்டு. ஆதிக் கிறிஸ்தவர்களைப் பற்றி ஏதாவது எழுதிப் பெயர் வாங்கவேண்டும் என்று ஆசை. அதற்குக் கிரேக்கம் வேண்டுமே. மிஸ்ஸியம்மாவிடம் போய்க் கேட்டேன். அவர்கள் சிரித்து, 'எனக்குக் கண் இல்லை, இதோ இவளிடம் படி' என்று அக்காவைக் காட்டினார்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. எம்.ஏ. படித்தவன், எட்டாம் வகுப்புப் படித்த பைபிள் உமனிடமா? ஆனாலும் ஆசை விடவில்லை. சனிக்கிழமைதோறும் சைக்கிளில் குற்றாலம் போனேன். யாராவது கேட்டால் மிஸ்ஸியம்மாவிடம் படிப்பதாகச் சொன்னேன். உனக்கு ஆல்பா, பீட்டா எழுதக் கற்றுக்கொடுத்தது நான் என்று நீ எல்லோரிடமும் சொல்கிறாய். ஒவ்வொரு எழுத்தையும் அதற்கு முந்தின சனிக்கிழமைதான் நான் அக்காவிடம் கற்றிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை, புதிய ஏற்பாட்டில், ரோமாபுரியில் இருந்த சபைக்கு அப்போஸ்தலன் எழுதிய கடிதத்தின் கடைசிப் பகுதியைப் படித்துக்கொண்டிருந்தோம். சாரல் காலம். அருவிக்குப் போகிறவர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு தெருவில் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். கொரிந்து பட்டணத்துக்கு அடுத்த ஒரு துறைமுகத்து ஊர்ப் பெண்ணைப் பற்றி அதில் ஒன்றிரண்டு வரி வரும். அவளை நல்லபடியாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அப்போஸ்தலன் கேட்டுக்கொள்கிறான், அவ்வளவுதான். அந்தக் கடிதத்தை அவள்தான் கொண்டுபோயிருக்கவேண்டும் என்று வியாக்கியானக்காரர்கள் போகிற போக்கில் சொல்லியிருந்தார்கள். நான் அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அக்கா போகவில்லை.

'சார், இவ கடுதாசியக் கொண்டுபோயிக் குடுத்திட்டு வெறுங்கையா திரும்பியிருப்பாளா?' என்று கேட்டார்கள்.

'பின்ன என்ன செய்திருப்பா?'

'கொழும்புலேர்ந்து புருஷன்மாரு போடுத கடுதாசிய நான் கொண்டுபோயி இங்கன பொம்பளைகளுக்கு வாசிச்சுக் காட்டுதேன்லா? ஒருத்தியாச்சும் கேட்டுட்டுச் சும்மா இருக்காளா? கிறிஸ்மஸுக்கு ஏன் வரலன்னு எங்கிட்டல்லா சண்டைக்கு வாராளுக. அவன் எழுதினதுக்கு நான் பதில் சொல்லணும். இந்த வரி கோவத்துல எழுதினது, அடுத்த வரியப் பாரு, பாசமா இருக்கான்னு நான் எடுத்துச் சொல்லணும். இது எம்புட்டுப் பெரிய கடுதாசி, எம்புட்டுக் கஷ்டமான கடுதாசி! ரோமாபுரியில கேட்டவங்க அடிமைகளும் கூலிக்காரங்களும். பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது. அவதான் நின்னு வாசிச்சிருப்பா, கேள்வி கேட்டா விளக்கமும் சொல்லியிருப்பா. அத எழுதும்போது கூட இருந்தவ அவதான?'

அதோடு நிற்கவில்லை. அவளைப் பற்றி அப்போஸ்தலன் சொல்லும் ஒரு சொல்லை எடுத்தார்கள். நாம் அதை ஆதரவாயிருந்தவள் என்று வாசிக்கிறோம். 'ஆதரவுன்னா சோறு போட்டவன்னு நினைச்சிருதாக சார். சொல்லப் பிரிச்சுப் பாருங்க. முன்னால நின்னவன்னு இருக்கு' என்றார்கள். நான் வீட்டுக்கு வந்து என் சரித்திர நூல்களைப் புரட்டினேன். கிரேக்கப் பட்டணங்களில் உரிமை இல்லாத வெளியூர்க்காரர்களுக்காக அதிகாரிகள் முன்னால் நின்று பேசும் புரவலருக்கு அந்தச் சொல்லின் ஆண்பால்தான் பெயர். நான் செய்த பங்கு அந்தப் புரட்டல்தான். அது ஒன்றுமில்லாதது இல்லை. ஆனால் கட்டுரையின் உயிர் அது இல்லை.

ஒருவருடைய பெயர் எப்படிக் காணாமற்போகிறது என்பதை உனக்குச் சொல்லவேண்டும், நீயும் இந்தத் தொழிலுக்குத்தான் போகிறாய். ஒரே நாளில் போகவில்லை. முதல் பிரதியில் அடிக்குறிப்பில் அவர்கள் பெயரை முழுசாக எழுதியிருந்தேன். இரண்டாம் பிரதி எடுக்கும்போது, எட்டாம் வகுப்புப் படித்த பைபிள் உமன் சொன்னது என்று போட்டால் சென்னையில் யார் மதிப்பார்கள் என்று தோன்றியது. அவர்கள் எண்ணத்துக்கு மதிப்பு வரவேண்டும் என்பதற்காகவே பெயரை எடுக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு, 'நண்பர் ஒருவர்' என்று மாற்றினேன். மூன்றாம் பிரதியில் இடம் போதவில்லை என்று அந்த அடிக்குறிப்பையே எடுத்தேன். இடம் போதாமல் இல்லை. அந்த அதிகாரத்திலேயே, அப்போஸ்தலன் சொல்லச் சொல்ல எழுதிய எழுத்தனும் தன் பெயரை ஒரு வரியில் எழுதி வாழ்த்துச் சொல்லியிருக்கிறான். பத்தொன்பது நூற்றாண்டாக அந்த வரியை யாரும் அடிக்கவில்லை. நான் எழுத்தனாயிருந்து, சொன்னவரையே அடித்துவிட்டேன்.

கட்டுரை ஓர் ஆங்கில ஆராய்ச்சிப் பத்திரிகையில் வந்தது. மிஸ்ஸியம்மா அதற்குள் ஊருக்குக் கப்பலேறிவிட்டார்கள். செங்கோட்டை மலையாள ராஜ்யத்திலிருந்து நம் பக்கம் வந்த வருஷம் அது. அயல்நாட்டிலிருந்து இரண்டு அறிஞர்கள் பாராட்டி எழுதினார்கள். அதை நான் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் காட்டினேன். அக்காவுக்கும் பத்திரிகையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், அந்தத் தைரியத்தை என்னவென்று சொல்வது. இங்கிலீஷ் அவர்களுக்குக் கொஞ்சம் வாசிக்க வரும். மெள்ள மெள்ள முழுவதையும் வாசித்தார்கள். கடைசிப் பக்கம் வந்ததும் திருப்பி முதல் பக்கத்தைப் பார்த்தார்கள். 'அச்சு நல்லா விழுந்திருக்கு சார்' என்றார்கள்.

அத்தோடு விட்டிருந்தால் திருட்டோடு போயிருக்கும். அடுத்த வருஷம் அதையே தமிழில் சுருக்கி, சபைகளுக்கு வரும் மாதப் பத்திரிகையில் என் பெயரில் போட்டேன். நம் சபைப் பெண்கள் அதை வாசித்தார்கள், வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அக்காவே வாசித்துக் காட்டினார்கள். ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழை, வேதபாடம் வாசிக்கவேண்டிய பெரியவர் வரவில்லை. குருவானவர் அங்குமிங்கும் பார்த்தார். நான் முன்வரிசையில்தான் இருந்தேன். நான் எழுந்திருக்குமுன், பின்னாலிருந்து பெண்கள் 'அக்கா, நீங்க போங்க' என்று மெதுவாகச் சொன்னது கேட்டது. ஞானப்பூ அக்கா எழுந்து வந்தார்கள். சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வாசிப்பு மேசைக்குப் பின்னால் நின்று வாசித்தார்கள். கடினமான ஒரு வாக்கியம் வந்தபோது நிறுத்தி, 'இதுக்கு அர்த்தம் இப்படி' என்று இரண்டு வார்த்தை சொன்னார்கள். அவ்வளவுதான். அப்படி ஒரு வாசிப்பை அந்தக் கோயிலில் நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சபைக் கமிட்டி கூடியது. அக்காவை நிற்கவைத்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நாற்காலி கொடுத்தார்கள். அந்த மாதம்தான் அடுத்த தலைமையாசிரியர் யார் என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தது, பள்ளிக்கூடம் சபையைச் சேர்ந்தது, கமிட்டியில் இருந்தவர்களில் மூன்று பேர் அதை முடிவுசெய்கிறவர்கள். கமிட்டிச் செயலாளர், 'இந்தம்மா, ஒரு பொம்பள, கோயில்ல நின்னு வியாக்கியானம் சொல்லுதாக. கேட்டா உங்க கட்டுரையக் காட்டுதாக. இப்படிச் செய்யச் சொல்லித்தான் எழுதினீகளா?' என்று கேட்டார்.

மகனே, அந்த நேரத்தில் நான் சொல்லக்கூடியது ஒரே வாக்கியம். அந்தக் கட்டுரையில் உள்ளது இவர்கள் எண்ணம் என்று சொல்லியிருக்கலாம். அதுகூட வேண்டாம், ஆமாம், அப்படித்தான் எழுதினேன் என்றாவது சொல்லியிருக்கலாம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னது இது: 'அது சரித்திர ஆராய்ச்சி. படிச்சவங்களுக்கு எழுதினது. அவங்க அதைச் சரியாப் புரிஞ்சுக்கிடல.'

அவர்கள் எண்ணத்தை அவர்களுக்கே புரியவில்லை என்று, அவர்கள் நின்றுகொண்டிருக்க, நான் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வகுப்பில் நன்றாகப் படிக்கும் பையன் சுலபமான கேள்விக்குத் தவறாகப் பதில் சொல்லும்போது நாம் பார்ப்போமே, அப்படிப் பார்த்தார்கள். 'உனக்கு ஏதும் சொல்லணுமா?' என்று செயலாளர் கேட்டதற்கு, 'ஒண்ணுமில்லய்யா' என்றார்கள். அந்த மாதக் கடைசியோடு அவர்களை வேலையிலிருந்து நீக்கினார்கள். துணிப்பையும் குடையுமாக அண்ணன் வீட்டுக்குச் செங்கோட்டைக்குப் போய்விட்டார்கள். அடுத்த ஜூன் மாதம் நான் தலைமையாசிரியர் ஆனேன்.

கமிட்டி முடிந்து வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். என் பக்கம் நியாயம் இருப்பதுபோலத்தான் சொன்னேன். அம்மா சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். 'அந்தக்கா சொல்லச் சொல்ல நீங்க நோட்டுல எழுதினத நான் என் கண்ணால பாத்திருக்கேன். சோறு எறங்குதா உங்களுக்கு?' என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்து தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அதன்பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நீ அப்போது பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் இருந்தாய். விடுமுறைக்கு வந்து, 'ஞானப்பூ அத்தை எங்கப்பா?' என்று கேட்டாய். உடம்புக்கு முடியவில்லை, அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்றேன். நான் உனக்குச் சொன்ன முதல் பெரிய பொய் அதுதான் என்று நினைக்கிறேன். நீ நம்பினாய். பிள்ளைகள் நம்புவது பெற்றவர்களுக்கு எவ்வளவு சௌகரியம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அதற்குப்பின் நான் ஒரு வரிகூட ஆராய்ச்சி எழுதவில்லை. பள்ளிக்கூட வேலை அதிகம் என்று எல்லோரிடமும் சொன்னேன். எழுதுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை என்பதே உண்மை. நீ கிரேக்கம் படிக்கிறேன் என்றபோது மகிழ்ந்தேன், பயந்தேன், மகிழ்ச்சியை மட்டும் வெளியே காட்டினேன்.

உன் கடிதம் வந்து ஒரு வாரம் சட்டைப்பையிலேயே கிடந்தது. பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் செங்கோட்டைக்கு ரயில் ஏறினேன். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. இங்கிருந்து அரைமணி நேரம்கூட இல்லாத தூரம். அக்கா பின்கட்டில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். முடி முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. 'வாங்க சார், இருங்க' என்றார்கள். நான் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உன் கடிதத்தின் கடைசிப் பத்தியை வாசித்துக் காட்டினேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அவர்கள் கல்லைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார்கள்.

'மன்னிப்புக் கேட்டு வந்தீகளா, பேரப் போட வந்தீகளா? ரெண்டும் வேற வேற' என்றார்கள்.

இரண்டுக்கும்தான் என்றேன்.

'பேரப் போடுததா இருந்தா ஒரு பிழைய முதல்ல திருத்துங்க. அந்தப் பொம்பள தன் ஊர்த் துறையிலேர்ந்தே ரோமாபுரிக்குக் கப்பல் ஏறினான்னு எழுதியிருக்கீக. அது நான் சொன்னதில்ல. அவ ஊர்த் துறை கிழக்க பாத்தது. ரோமாபுரிக்கு மேற்குத் துறையிலேர்ந்துல்லா கப்பல் போகும்? சீமைக்குப் போக உங்க மகன் கொச்சியில ஏறுதானா, தூத்துக்குடியில ஏறுதானா?'

நான் திகைத்துப்போனேன். நான் வாசித்துக் காட்டிய பத்தியில் கொச்சி இல்லை. 'கொச்சின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்றேன்.

'உங்க வீட்டுல உள்ளவளப் போயிக் கேளுங்க.'

ஒன்பது வருஷமாக, மாதத்தில் ஒருநாள் செங்கோட்டைத் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்று அம்மா சொல்லிவிட்டுப் போவாள் அல்லவா? தங்கை வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு நேரே அக்காவிடம்தான் போயிருக்கிறாள். நீ எந்த வகுப்பு, என்ன மார்க்கு, என்ன படிக்கிறாய் எல்லாம் அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. உன் தாய் எனக்குச் சோறு போட்டாள், என் துணியைத் துவைத்தாள், என்னை மன்னிக்கவில்லை. அது நியாயம்தான்.

கிளம்பும்போது, 'மன்னிப்பு?' என்று கேட்டேன். அக்கா அரிசியை ஒரு பக்கமாக ஒதுக்கினார்கள். 'என் எண்ணத்த எடுத்தது கிடக்கட்டும் சார். அது எப்படியும் எங்கயாவது போயிச் சேரணும்னுதான் நானும் நினைச்சேன். ஆனா நான் இருபது வருஷம் நடந்த ஊருகளுக்கு என்னப் போகவிடாமப் பண்ணீட்டீக. அத எங்கிட்ட மட்டும் கேட்டா போதுமா? எந்த இடத்துல சொன்னீகளோ அந்த இடத்துல போயிச் சொல்லுங்க' என்றார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். இப்போது இருக்கும் குருவானவர் இளைஞர், அனுமதி கொடுத்தார். ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று, இங்கே எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொன்னேன். சொல்லி முடித்ததும் பழைய செயலாளர், 'முடிஞ்சுபோன கதை. இத இப்ப ஏன் சார் கிண்டுதீக?' என்றார். எனக்கும் ஒரு கணம் அது முடிந்துபோன கதைதான், நான் பாரத்தை இறக்கிவைத்துவிட்டேன் என்று தோன்றியது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். செல்லக்கனி என்று பெயர், வீரகேரளம்புதூர்ப் பக்கத்து ஊர், அவள் புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தவன்.

'உங்களுக்கு முடிஞ்சுட்டு' என்றாள். 'அக்கா வராம நின்ன அந்த வருஷம் எனக்கு ஒரு கடுதாசி வந்துச்சு. வாசிக்க ஊர்ல ஆளில்ல. அக்கா வருவாக, வருவாகன்னு சேலை முடிச்சுலயே வச்சிருந்தேன். அவுக வேலையப் பறிச்சதே எனக்குத் தெரியாது. ஆறு நாள் கழிச்சு ரோட்டுல போன வெளியூர்க்காரர் ஒருத்தரப் பிடிச்சு வாசிக்கச் சொன்னேன். எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில கிடக்காரு, உடனே பொறப்பட்டு வான்னு இருந்துச்சு. நான் போயிச் சேருததுக்குள்ள எல்லாம் முடிஞ்சுட்டு. மொகத்தக்கூடப் பாக்கல.'

அதைச் சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்துவிட்டாள். என்னைத் திட்டவில்லை. என்னைப் பார்க்கவுமில்லை. ஐயா, நான் இத்தனை வருஷம் ஒருவருக்குச் செய்த அநியாயத்தைத்தான் மனசில் சுமந்துகொண்டிருந்தேன். அந்த ஒரு வாக்கியம் எத்தனை வீட்டு வாசலில் போய் நின்றதோ, எத்தனை சேலை முடிச்சில் வாசிக்காத கடிதம் இருந்ததோ, நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. ரோமாபுரியில் அந்தக் கடிதத்தைக் கேட்டவர்கள் யார் யார் என்று பக்கம் பக்கமாக எழுதியவன், நம் பக்கத்து ஊரில் கடிதத்துக்காகக் காத்திருந்தவர்களை மறந்துபோனேன். சாயங்காலம் செல்லக்கனி வீட்டுக்குப் போனேன். அவள் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போல் மணியடித்தது, பையன்கள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். அதுவும் ஒரு தண்டனைதான். ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு உண்மையை எழுதி அனுப்பியிருக்கிறேன். உன் பேராசிரியருக்கும் நேற்றுத் தபாலில் சேர்த்துவிட்டேன், நகல் இதற்குள் இருக்கிறது. அதனால் உன் இடத்துக்கு ஏதாவது பங்கம் வந்தால் அதற்கும் நானே காரணம், உன்னிடம் கேட்காமல் செய்ததற்கும் நானே பொறுப்பு. கேட்டிருந்தால் நீ அனுப்புங்கள் என்றுதான் சொல்லியிருப்பாய் என்று நம்புகிறேன். ஆனாலும் உன்னை அந்தக் கேள்வியின் முன்னால் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

சமர்ப்பணத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடு. அந்த இடத்தில் யார் பெயர் வரவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், நீயே முடிவுசெய். ஒன்றுமட்டும் கேட்கிறேன். உன் நோட்டில் ஒரு புது எண்ணத்தை எழுதும்போது, அதை உனக்குச் சொன்னவர் பெயரையும் அன்றைக்கே பக்கத்தில் எழுதிவை. நாளைக்கு எழுதலாம் என்று விடாதே. நாளைக்கு அது உன் எண்ணமாகிவிடும். சொன்னவர் பெரிய மேதையோ, காய்கறிக்காரரோ, உன் அறையைக் கூட்டுகிறவரோ, யாராயிருந்தாலும் எழுதிவை. நீ படிக்கப்போகிற அந்த ஆதிக் காலத்துச் சபைகளில் முக்கால்வாசிப் பேருக்குப் பெயரில்லை. கல்லில் இல்லை, காகிதத்தில் இல்லை. அதில் எத்தனை பெயர் தானாக அழிந்தது, எத்தனை பெயரை என்னைப்போல ஒருத்தன் இடம் போதவில்லை என்று அடித்தான் என்று யோசித்துக்கொண்டே படி.

நேற்று அம்மா செங்கோட்டைக்குப் போய்வந்தாள். இந்தத் தடவை எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டே போனாள். கோயிலில் நடந்ததை அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். செல்லக்கனி சொன்னதையும் சொல்லியிருக்கிறாள். கேட்டுவிட்டு அக்கா, சபையில் மறுபடி வேலைக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டேன், கால் வலி என்றார்களாம். உன்னைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அந்தத் துறைமுகத்துப் பெண்ணைப் பற்றி இந்த ஒன்பது வருஷத்தில் அவர்கள் யோசித்து வைத்தது இன்னும் நிறைய இருக்கிறதாம், எழுதிக்கொள்ள ஆள் வேண்டுமாம். 'மகன் வரட்டும். நோட்டு கொண்டாரட்டும். சாரு வரவேண்டாம்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அதனால் நீ வந்த மறுநாளே போ. காலை ரயிலில் போனால் சாயங்காலம்வரை உட்கார்ந்து எழுதலாம். நான் தென்காசி ஸ்டேஷன் வரைக்கும் உன்னோடு வருகிறேன். செங்கோட்டைக்கு ஒரு டிக்கெட்தான் எடுப்பேன்.

உன்னிடம் முகம் காட்டக் கூசுகிற,
அப்பா.